லினக்ஸ் லேப்டாப்பில் வைஃபை விட்டு விட்டு வருகிறதா? அறிகுறியைப் பார்த்து வழி காண்பது எப்படி

லினக்ஸில் வைஃபை தகராறு செய்கிறது என்று தேடினால், ஏதோ ஒரு கட்டளையை ஒட்டிவிட்டு ரீஸ்டார்ட் செய்யச் சொல்லும் பதில்கள்தான் முதலில் வந்து நிற்கும். அவை வேறொருவரின் கார்டுக்கு, வேறொரு கெர்னலுக்கு (லினக்ஸின் மையக்கரு), பல வருடங்களுக்கு முன் எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டுகள். பட்டியலில் நெட்வொர்க் பெயரே வராதது, பெயர் வந்தும் சேராதது, சேர்ந்த பத்தாவது நிமிடம் விட்டுப்போவது, இணைப்பு இருந்தும் பக்கம் திறக்காதது என எல்லாமே வெவ்வேறு இடத்தில் பிறக்கும் கோளாறுகள். ஒன்றுக்கான வழியை மற்றொன்றில் பூட்டினால் சரியாகாது. சில நேரம் நன்றாக இருந்ததும் கெட்டுவிடும். அதனால் அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்களுக்குப் பொருந்தும் தலைப்புக்கு நேராகப் போகலாம். முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிட்டுப் போங்கள்.

கட்டளைகளை ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள். 'டபிள்யூஎல்பி2எஸ்0' என்று வரும் இடத்தில் உங்கள் கார்டின் பெயரைப் போட வேண்டும். 'ஐபி லிங்க்' என்று அடித்தால் 'டபிள்யூஎல்' என்று தொடங்கும் பெயர் தெரியும். யூஎஸ்பி டாங்கிள் என்றால் 'டபிள்யூஎல்எக்ஸ்' என்று தொடங்கி நீளமாக இருக்கும்.

எங்கே அறுகிறது என்று முதலில் பிரியுங்கள்

லேப்டாப் இருக்கும் அதே மேசையில் போனை வைத்து, அதே வைஃபையில் சேர்த்துப் பாருங்கள். போனிலும் திணறினால் லினக்ஸைத் தொடவே வேண்டாம்; கோளாறு ரவுட்டரிலோ அதற்கு அப்பாலோ இருக்கிறது. போனில் நன்றாக இருந்தால் அடுத்த சோதனை: போனின் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பைச் சேருங்கள். அங்கே மணிக்கணக்கில் அறுபடாமல் ஓடினால், கார்டும் டிரைவரும் அடிப்படையில் நலம், வீட்டு ரவுட்டரோடுதான் ஒத்துப்போகவில்லை என்று கொள்ளலாம். அங்கேயும் அறுந்தால் லேப்டாப்பின் பக்கம்தான் தேட வேண்டும்.

அடுத்து இரண்டு டெர்மினல்களைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்துகொள்ளுங்கள். 'ஐபி ரூட்' என்று அடித்தால் 'டிஃபால்ட் வயா' என்பதற்குப் பின்னால் ரவுட்டரின் முகவரி வரும், பெரும்பாலும் 192.168.1.1 மாதிரி. ஒன்றில் 'பிங்' என்று அடித்து அந்த முகவரியைக் கொடுங்கள், மற்றொன்றில் கூகுளின் சர்வரான 8.8.8.8 ஐ. இரண்டும் ஓடிக்கொண்டே இருக்கட்டும். அடுத்த முறை இணையம் நிற்கும்போது இரண்டில் எது நின்றது என்று பாருங்கள். ரவுட்டருக்கான பிங் நின்றால் வைஃபை அறுந்தது. ரவுட்டர் பதில் சொல்லிக்கொண்டே இருக்க 8.8.8.8 மட்டும் நின்றால், வைஃபை மேல் குற்றமில்லை. இணைய நிறுவனத்தை அழைக்க வேண்டிய நேரம். இரண்டும் ஓடுகின்றன, ஆனாலும் பக்கம் திறக்கவில்லை என்றால் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றும் சேவை), நேரம், எம்டியூ (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) ஆகிய மூன்றில் ஒன்று.

மூன்றாவது டெர்மினலில் 'சுடோ ஜர்னல்சிடிஎல் -எஃப்' என்று விட்டுவையுங்கள். கெர்னல், இணைப்புகளை நிர்வகிக்கும் நெட்வொர்க்மேனேஜர், வைஃபையில் சேர்க்கும் டபிள்யூபிஏ சப்ளிகன்ட் எல்லாம் சொல்வது அங்கே நேரத்தோடு வரிசையாக வரும். இதைத்தான் இனி லாக் என்பேன். இணைப்பு அறுந்த அந்த நொடியில் வந்த வரிகளை ஒரு கோப்பில் நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் யார் உதவி கேட்டாலும் நான் முதலில் கேட்பது அந்த வரிகளைத்தான், ஏனென்றால் பாதிப் பேருக்கு விடை அதிலேயே இருக்கும்.

கார்டு எது என்றும் தெரிந்திருக்க வேண்டும். 'எல்எஸ்பிசிஐ -என்என்கே' அடித்து, வந்ததில் நெட்வொர்க் கன்ட்ரோலர் என்ற பகுதியைத் தேடுங்கள். நிறுவனப் பெயர், மாடல், நான்கு எழுத்து இரண்டு ஜோடியாக ஓர் அடையாள எண், கடைசியில் 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்' என்று ஒரு வரி. இன்டெல் கார்டுகளுக்கு ஐடபிள்யூஎல்வைஃபை, ரியல்டெக்குக்கு ஆர்டிடபிள்யூ88 அல்லது ஆர்டிடபிள்யூ89, மீடியாடெக்குக்கு எம்டி7921இ என்கிற மாதிரி இருக்கும். எதைத் தேடினாலும் லேப்டாப் மாடலை விட்டுவிட்டு இந்த டிரைவர் பெயரைப் போட்டுத் தேடுங்கள். ஒரே மாடல் லேப்டாப்பில் இரண்டு மூன்று நிறுவனங்களின் கார்டு வருவது சகஜம்.

வைஃபை பட்டியலே வரவில்லை

'ஆர்எஃப்கில் லிஸ்ட்' என்று அடியுங்கள். 'சாஃப்ட் பிளாக்டு' என்பதற்கு எதிரே 'யெஸ்' என்றிருந்தால் 'ஆர்எஃப்கில் அன்பிளாக் வைஃபை' என்பதோடு வேலை முடிந்தது. 'ஹார்டு பிளாக்டு' என்பதற்கு எதிரே 'யெஸ்' என்றிருந்தால் மென்பொருளால் திறக்க முடியாது. விமானப் படம் போட்ட பொத்தான், பக்கவாட்டில் இருக்கும் சுவிட்ச், பயோஸ் அமைப்பு ஆகியவற்றைப் பாருங்கள்.

அடைப்பு எதுவும் இல்லை, ஆனால் எல்எஸ்பிசிஐ பட்டியலில் 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்' வரியே இல்லை என்றால், காரணம் பெரும்பாலும் கெர்னலின் வயது. புதிதாக வாங்கிய லேப்டாப்பில் பழைய லினக்ஸைப் போட்டவர்களுக்கு இது நடக்கும். இன்டெல் ஏஎக்ஸ்210 க்கு ஆதரவு வந்தது 5.10 கெர்னலில், மீடியாடெக் எம்டி7921 க்கு 5.12 இல், ரியல்டெக்கின் ஆர்டிடபிள்யூ89 டிரைவர் சேர்ந்தது 5.16 இல். 'யூநேம் -ஆர்' அடித்து உங்கள் கெர்னல் எண்ணைப் பாருங்கள். பழையதாக இருந்தால், எங்கெங்கோ கிடக்கும் டிரைவரை இறக்கி கம்பைல் செய்வதற்கு முன், போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் மூலம் இணையம் வாங்கி கெர்னலைப் புதுப்பியுங்கள். யூஎஸ்பி டெதரிங் கிட்டத்தட்ட எல்லா லினக்ஸிலும் தனி டிரைவர் இல்லாமலே வேலை செய்யும்.

டிரைவர் இருந்தும் கார்டு எழவில்லை என்றால், கார்டுக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேர் இல்லாமல் இருக்கலாம். 'சுடோ டிஎம்இஎஸ்ஜி' அடித்து ஃபர்ம்வேர் என்ற சொல்லைத் தேடுங்கள். இன்ன பெயருள்ள கோப்பை ஏற்ற முடியவில்லை, பிழை எண் -2 என்று வந்தால் அந்தக் கோப்பு டிஸ்க்கில் இல்லை என்று பொருள். உபுண்டு, ஃபெடோரா, ஆர்ச் மூன்றிலும் லினக்ஸ்-ஃபர்ம்வேர் தொகுப்பைப் புதுப்பித்தால் பெரும்பாலும் வந்துவிடும். டெபியனில் பழைய பதிப்புகளின் நிறுவல் வட்டில் கட்டற்றதல்லாத ஃபர்ம்வேர் சேர்க்கப்படாததால் பலர் அவதிப்பட்டார்கள். 2022 இல் உறுப்பினர்கள் வாக்களித்து முடிவெடுத்த பிறகு, 2023 இல் வந்த டெபியன் 12 முதல் அது வட்டிலேயே இருக்கிறது. பழைய டெபியனை வைத்திருப்பவர்கள் அந்தத் தொகுப்புப் பிரிவைத் தாங்களே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பிராட்காம் கார்டு உள்ள பழைய லேப்டாப்புகளில் சிலவற்றுக்கு நிறுவனத்தின் தனி டிரைவர் தேவை. அதை நிறுவியும் வரவில்லை என்றால் செக்யூர் பூட் இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். கையொப்பமிடாத டிரைவரைக் கெர்னல் ஏற்றாது. நிறுவும்போது ஒரு பாஸ்வேர்டு கேட்டு, அடுத்த பூட்டில் நீலத் திரை வந்திருக்கும். அதில் சாவியைப் பதிவு செய்யாமல் 'கன்டினியூ' கொடுத்துத் தாண்டி வந்தவர்கள் நிறையப் பேர்.

இரண்டு இயங்குதளம் வைத்திருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். அது இயக்கத்தில் இருந்தால் ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணையாது, பாதித் தூக்கத்தில் கார்டைக் கையில் பிடித்தபடி போகும். அப்புறம் லினக்ஸ் எழும்போது கார்டு ஒழுங்காகப் பதில் சொல்லாது. விண்டோஸில் ரீஸ்டார்ட் கொடுத்து லினக்ஸுக்கு வந்தால் வைஃபை இருக்கிறது, ஷட் டவுன் கொடுத்து வந்தால் இல்லை என்றால் சந்தேகமே வேண்டாம். விண்டோஸின் பவர் அமைப்பில் போய் அதை நிறுத்திவிடுங்கள்.

சும்மா விட்டால் மந்தமாகிறது, கொஞ்ச நேரத்தில் அறுகிறது

அதிகம் பேரை வாட்டுவது இதுதான். வீடியோ ஓடும்போது நன்றாக இருக்கும். ஐந்து நிமிடம் படித்துவிட்டு ஒரு இணைப்பைச் சொடுக்கினால் பக்கம் யோசிக்கும். எஸ்எஸ்ஹெச் வழியாக வேறு கணினியில் வேலை செய்பவர்களுக்கு அடித்த எழுத்து திரையில் தாமதமாக வரும். முன்பு சொன்ன ரவுட்டர் பிங்கை இப்போது உற்றுப் பாருங்கள். ஒரே அறையில், ரவுட்டருக்கு மூன்று மீட்டரில் இருக்கும்போது வரும் பதில்கள் இப்படி இருக்கும்:

டைம்=2.31 எம்எஸ்
டைம்=98.4 எம்எஸ்
டைம்=3.02 எம்எஸ்
டைம்=121 எம்எஸ்
டைம்=203 எம்எஸ்

எம்எஸ் என்பது மில்லிநொடி. நலமான இணைப்பில் எல்லா வரியும் ஐந்து எம்எஸ்சுக்குள் இருக்க வேண்டும். இந்த எண்கள் ஏன் நூறையும் இருநூறையும் ஒட்டி வருகின்றன என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ரவுட்டர் தான் இருப்பதைச் சொல்லும் பீக்கன் செய்தியை வழக்கமாக 102.4 எம்எஸ்சுக்கு ஒருமுறை அனுப்பும். பவர் சேவ் இயக்கத்தில் இருக்கும் கார்டு, "நான் தூங்கப் போகிறேன், எனக்கு வருவதை வைத்திரு" என்று ரவுட்டருக்குச் சொல்லிவிட்டு ரேடியோவை அணைத்துவிடும். ரவுட்டர் வந்த பாக்கெட்டைச் சேர்த்து வைத்து, அடுத்த பீக்கனில் உனக்குச் சரக்கு இருக்கிறது என்று குறித்து அனுப்பும். கார்டு அந்தப் பீக்கனுக்கு விழித்தால்தான் கேட்டு வாங்கும். ஒரு பீக்கனைத் தவறவிட்டால் இன்னொரு நூறு எம்எஸ். பேட்டரியை மிச்சப்படுத்த நல்ல ஏற்பாடு. ஆனால் கார்டின் ஃபர்ம்வேரும் ரவுட்டரும் இந்தப் பேச்சுவார்த்தையில் ஒருவரையொருவர் சரியாகப் புரிந்துகொள்ளாவிட்டால் தாமதம் கூடும்; முற்றிப்போனால், இந்தக் கருவி போய்விட்டது என்று ரவுட்டரே இணைப்பை அறுத்துவிடும். லாகில் காரணம் 4 என்று வந்தால், இணைந்த கருவி நீண்ட நேரம் பேசவில்லை என்று ரவுட்டர் வெளியேற்றியதாகப் பொருள்.

சோதிப்பது எளிது. பிங் ஓடிக்கொண்டிருக்கும்போதே மற்றொரு டெர்மினலில்:

சுடோ ஐடபிள்யூ டெவ் டபிள்யூஎல்பி2எஸ்0 செட் பவர்_சேவ் ஆஃப்

என்ட்டர் அடித்த அடுத்த வரியிலேயே எண்கள் 2, 3 என்று இறங்கி நின்றால் குற்றவாளி அகப்பட்டது. இறங்கவே இல்லை என்றால் இந்தப் பகுதியை விட்டுவிட்டு சிக்னல், நெரிசல் பக்கம் போங்கள். 'ஐடபிள்யூ டெவ் டபிள்யூஎல்பி2எஸ்0 லிங்க்' என்று அடித்தால் சிக்னல் அளவு டிபிஎம்மில் தெரியும். -50 அருமை, -67 வரை நிம்மதி, -75 இல் திணறல், -80 ஐத் தாண்டினால் அறுவதில் வியப்பில்லை.

அந்தக் கட்டளை தற்காலிகமானது. நிரந்தரமாக்க, உபுண்டுவில் இடிசி அடைவுக்குள் நெட்வொர்க்மேனேஜர், அதற்குள் கான்ஃப்.டி என்று போனால் 'டிஃபால்ட்-வைஃபை-பவர்சேவ்-ஆன்' என்ற கோப்பு இருக்கும். அதில் வைஃபை.பவர்சேவ் = 3 என்றிருப்பதை 2 ஆக்குங்கள். 3 என்றால் இயக்கு, 2 என்றால் நிறுத்து. மற்ற லினக்ஸ்களில் அதே அடைவில் ஒரு புதிய கான்ஃப் கோப்பை உருவாக்கி, முதல் வரியில் சதுர அடைப்புக்குள் கனெக்ஷன், அடுத்த வரியில் வைஃபை.பவர்சேவ் = 2 என்று எழுதுங்கள். பிறகு 'சுடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் நெட்வொர்க்மேனேஜர்'. இதில் மட்டும் என், எம் இரண்டும் பெரிய எழுத்து.

இதைச் செய்தும் சார்ஜரில் நன்றாக இருந்து பேட்டரிக்கு மாறியதும் கெடுகிறது என்றால் டிஎல்பி என்ற மின்சேமிப்பு மென்பொருளை நிறுவியிருக்கிறீர்களா என்று பாருங்கள். அது பேட்டரியில் பவர் சேவை மறுபடி இயக்கிவிடும். அதன் கான்ஃப் கோப்பில் 'வைஃபை_பிடபிள்யூஆர்_ஆன்_பேட்' என்பதை 'ஆஃப்' ஆக்கினால் போதும். அந்தப் பெயர் முழுக்கப் பெரிய எழுத்தில் இருக்கும். இன்டெல் கார்டில் இதற்கு மேலும் ஒரு படி உண்டு: இடிசிக்குள் இருக்கும் மோட்ப்ரோப்.டி அடைவில் ஒரு கான்ஃப் கோப்பு வைத்து 'ஆப்ஷன்ஸ் ஐடபிள்யூஎல்எம்விஎம் பவர்_ஸ்கீம்=1' என்று எழுதினால் கார்டு எப்போதும் விழித்தே இருக்கும். இயல்பு மதிப்பு 2. பேட்டரி சற்று முன்னதாகத் தீரும். ஆன்லைன் நேர்காணலின் நடுவே அறுந்துபோவதற்கு அது எவ்வளவோ மேல்.

மூடித் திறந்தால் வைஃபை வருவதில்லை

சஸ்பெண்டிலிருந்து எழும்போது டிரைவர் கார்டை மறுபடி எழுப்பத் தவறுகிறது. ரீஸ்டார்ட் செய்யாமல் மீட்க, டிரைவரை இறக்கி ஏற்றிப் பாருங்கள். இன்டெல்லில் 'சுடோ மோட்ப்ரோப் -ஆர் ஐடபிள்யூஎல்எம்விஎம் ஐடபிள்யூஎல்வைஃபை', பிறகு 'சுடோ மோட்ப்ரோப் ஐடபிள்யூஎல்வைஃபை'. மற்ற கார்டுகளில் எல்எஸ்பிசிஐ 'கெர்னல் மாட்யூல்ஸ்' என்ற வரியில் காட்டிய பெயரையே போடுங்கள். இதில் மீண்டால், சிஸ்டம்டியின் சிஸ்டம்-ஸ்லீப் அடைவில் ஒரு சிறிய ஸ்கிரிப்ட் வைத்து, தூங்குமுன் இறக்கவும் எழுந்தபின் ஏற்றவும் சொல்லலாம். தூங்கப் போகும்போது 'ப்ரீ' என்றும், எழுந்ததும் 'போஸ்ட்' என்றும் முதல் மதிப்பாக அந்த ஸ்கிரிப்டுக்கு வரும். இயக்க அனுமதி கொடுக்க மறக்காதீர்கள்.

இறக்கி ஏற்றியும் மீளவில்லை, டி3கோல்டிலிருந்து (மின்சாரம் அறுந்த தூக்கம்) டி0 வுக்கு (விழிப்பு) மாற்ற முடியவில்லை, கருவியை அணுக முடியவில்லை என்று லாக் சொல்கிறது என்றால் கார்டு தன்னை மதர்போர்டோடு சேர்க்கும் பிசிஐஇ இணைப்பிலிருந்தே கழன்றுவிட்டது. அப்போது முழுதாக ஷட் டவுன் செய்து, சார்ஜரைக் கழற்றி, பவர் பொத்தானைப் பத்துப் பதினைந்து நொடி அழுத்திப் பிடித்தால்தான் வரும். மறுபடி நடக்காமலிருக்க ஏஎஸ்பிஎம் என்ற பிசிஐஇ மின்சேமிப்பை நிறுத்திப் பாருங்கள். ரியல்டெக் ஆர்டிடபிள்யூ88 க்கு மட்டும் நிறுத்த 'ஆப்ஷன்ஸ் ஆர்டிடபிள்யூ88_பிசிஐ டிசேபிள்_ஏஎஸ்பிஎம்=1' என்ற வரியை மோட்ப்ரோப்.டி அடைவில் வைத்தால் போதும். கெர்னல் அளவுருவாக 'பிசிஐஇ_ஏஎஸ்பிஎம்=ஆஃப்' கொடுத்து லேப்டாப் முழுமைக்கும் நிறுத்தச் சொல்வார்கள். அது எஸ்எஸ்டியையும் சேர்த்துப் பாதித்துப் பேட்டரியைக் கரைக்கும்; சோதனைக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

பாஸ்வேர்டு சரிதான், ஆனாலும் திரும்பத் திரும்பக் கேட்கிறது

நெட்வொர்க்மேனேஜர், சேர முடியாமல் போகும் பல காரணங்களுக்குப் பாஸ்வேர்டு பெட்டியையே காட்டும். உண்மைக் காரணம் லாகில் 'ரீசன்' என்ற சொல்லுக்கு எதிரே எண்ணாக இருக்கும். 15 என்றால் சாவிப் பரிமாற்றம் நேரத்துக்குள் முடியவில்லை. பாஸ்வேர்டு தவறானாலும் இது வரும், சிக்னல் மோசமானாலும் வரும். ஆகவே ரவுட்டருக்கு அருகில் போய் ஒருமுறை முயலுங்கள். 3 என்றிருந்து 'லோக்கலி ஜெனரேட்டட்=1' என்றும் சேர்ந்திருந்தால் அறுத்தது உங்கள் லேப்டாப்பேதான்; அதற்கு முந்தைய வரிகளைப் படியுங்கள்.

அந்த முந்தைய வரிகளில் அடிக்கடி தென்படுவது, ஒரே கார்டுக்காக இரண்டு சேவைகள் சண்டை போடுவது. வைஃபையில் சேர்க்கும் ஐடபிள்யூடியும் டபிள்யூபிஏ சப்ளிகன்டும் ஒன்றாக ஓடினால், அல்லது நெட்வொர்க்மேனேஜரோடு, ஐபி முகவரி வாங்கித் தரும் டிஹெச்சிபிசிடியும் ஓடினால், ஒன்று சேர்த்ததை மற்றது அவிழ்க்கும். ஆர்ச் லினக்ஸைக் கையால் நிறுவுபவர்களிடம் இதை நிறையப் பார்க்கலாம். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை 'டிசேபிள்' செய்யுங்கள்.

ரவுட்டரில் டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்த முறை இருந்தால், பழைய கார்டுகள் தடுமாறும். சோதனைக்காக டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் மட்டும் என்று மாற்றிப் பாருங்கள். ரவுட்டர் உங்கள் கையில் இல்லையென்றால், அந்த இணைப்பின் பாதுகாப்பு அமைப்பில் பிஎம்எஃப் (இணைப்பை நிர்வகிக்கும் செய்திகளுக்கான பாதுகாப்பு) மதிப்பை 1 ஆக்கினால் லேப்டாப் அந்தப் பாதுகாப்பைக் கேட்காது. பழைய குறியாக்க முறையான டிகேஐபியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் இயக்காதீர்கள்; பாதுகாப்பும் போகும், வேகமும் 54 எம்பிபிஎஸ்சைத் தாண்டாது.

விடுதிகளிலும் அலுவலகங்களிலும் கார்டின் அடையாள எண்ணான மேக் முகவரியைப் பதிந்த பிறகே உள்ளே விடுவார்கள். 2024 இல் வந்த ஃபெடோரா 40 முதல், ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் நெட்வொர்க்மேனேஜர் தனி மேக் முகவரியைக் காட்டும்படி மாற்றியிருக்கிறார்கள். தனியுரிமைக்கு நல்லது. ஆனால் அப்கிரேடு செய்த மறுநாள் விடுதி வைஃபை கதவைச் சாத்திவிடும். அந்த இணைப்புக்கு மட்டும் க்ளோன்ட் மேக் முகவரி என்ற இடத்தில் 'பெர்மனென்ட்' என்று வைத்தால் பதிந்த முகவரியே போகும்.

பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும் கல்லூரி வைஃபை, உபுண்டு 22.04 க்கு மாறிய பிறகு பலருக்கு நின்றது. ஓப்பன்எஸ்எஸ்எல் 3 பழைய பாதுகாப்பு முறைகளை ஏற்க மறுத்ததே காரணம். லாகில் 'அன்சேஃப் லெகசி ரீநெகோஷியேஷன் டிசேபிள்டு' என்று இருக்கும். அந்த வரியை அப்படியே கல்லூரியின் நெட்வொர்க் பொறுப்பாளருக்கு அனுப்புங்கள். திருத்த வேண்டியது அவர்களுடைய சர்வரில்.

5 கிகாஹெர்ட்ஸ் பெயர் வருகிறது, போகிறது

'ஐடபிள்யூ ரெக் கெட்' என்று அடியுங்கள். கன்ட்ரி என்பதற்கு எதிரே 00 என்றிருந்தால், எந்த நாட்டில் இருக்கிறோம் என்று தெரியாத கார்டு, எல்லா நாட்டுக்கும் பொருந்தும் குறைந்தபட்ச அனுமதியில் ஓடுகிறது. பல சேனல்களில் அது தானாகப் பேசாது, கேட்க மட்டும் செய்யும். நீங்கள் இருக்கும் நாட்டின் இரண்டெழுத்துக் குறியை, இந்தியாவானால் ஐ, என் இரண்டையும் பெரிய எழுத்தில், 'சுடோ ஐடபிள்யூ ரெக் செட்' என்பதற்குப் பின்னால் கொடுங்கள். இன்டெல் கார்டுகளில் 'செல்ஃப்-மேனேஜ்டு' என்று வரும். அவை சுற்றியுள்ள ரவுட்டர்களைக் கேட்டுத் தாமே நாட்டை முடிவு செய்பவை, நீங்கள் சொல்வதைக் கேளா.

கார்டின் அனுமதி சரியாக இருந்தும் பெயர் மறைந்தால் ரவுட்டரின் சேனலைப் பாருங்கள். 52 முதல் 64 வரையிலும் 100 முதல் 144 வரையிலும் உள்ள சேனல்கள் ரேடாரோடு பகிர்ந்துகொள்பவை. ரேடார் போல ஏதாவது கேட்டால் ரவுட்டர் உடனே அந்தச் சேனலைக் காலி செய்ய வேண்டும். புதிய சேனலும் அதே வகை என்றால், குறைந்தது ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்ட பிறகே பேசலாம். அந்த ஒரு நிமிடம்தான் பெயர் காணாமல் போவது. 36 முதல் 48 வரை ஒன்றையோ 149 முதல் 161 வரை ஒன்றையோ ரவுட்டரில் நிலையாக வைத்துவிடுங்கள்.

மின்தடை அடிக்கடி வரும் ஊர்களில் இதன் இன்னொரு முகம் தெரியும். கரண்ட் வந்ததும் ரவுட்டர் எழுந்து 'ஆட்டோ' முறையில் புதுச் சேனலைத் தேர்ந்தெடுக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸில் அது 12 அல்லது 13 ஆக அமைந்தால், அமெரிக்க அமைப்போடு வந்த கார்டுக்கு அந்த ரவுட்டர் கண்ணிலேயே படாது. நேற்று வரை வந்த வைஃபை இன்று காலை இல்லை, போனில் மட்டும் வருகிறது என்பார்கள். 1, 6, 11 ஆகியவற்றில் அக்கம்பக்கத்து நெரிசல் குறைந்த ஒன்றை நிலையாக வைத்தால் தீர்ந்தது.

வைஃபை குறி முழுதாக இருக்கிறது, பக்கம் திறக்கவில்லை

8.8.8.8 க்குப் பிங் போகிறது, தளத்தின் பெயருக்குப் போகவில்லை என்றால் டிஎன்எஸ். 'ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ்' அடித்து உங்கள் கார்டுக்கு எதிரே எந்த டிஎன்எஸ் சர்வர் இருக்கிறது என்று பாருங்கள். விபிஎன் மென்பொருள்கள் போகும்போது தங்கள் முகவரியை விட்டுவிட்டுப் போவது வழக்கம். இடிசியில் உள்ள ரிசால்வ்.கான்ஃப் கோப்பு உபுண்டுவில் 127.0.0.53 ஐக் காட்ட வேண்டும். வேறு எதையோ காட்டினால் யாரோ மேலெழுதியிருக்கிறார்கள்.

ரயில் நிலையம், விமான நிலையம், தங்கும் விடுதி மாதிரி இடங்களில் உள்நுழைவுப் பக்கம் வராமல் மாட்டிக்கொண்டால், பாதுகாப்பில்லாத ஹெச்டிடிபி முகவரி ஒன்றைத் திறந்தால் அந்தப் பக்கம் வந்து நிற்கும். நெவர்எஸ்எஸ்எல் டாட் காம் இதற்கென்றே இருக்கும் தளம். உலாவியில் பாதுகாப்பான டிஎன்எஸ் வைத்திருந்தால் அதைச் சற்று நேரம் அணைத்துவிட்டு முயலுங்கள்.

எல்லாத் தளமும் சான்றிதழ் பிழை காட்டினால் கடிகாரத்தைப் பாருங்கள். விண்டோஸ் வன்பொருள் கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தை எழுதும், லினக்ஸ் அதை உலகப் பொது நேரமாகப் படிக்கும். இந்தியாவிலும் இலங்கையிலும் சரியாக ஐந்தரை மணி நேரம் பிசகும். இணையம் கிடைத்ததும் தானே திருந்தும் என்றாலும், உள்நுழைவுப் பக்கத்திலேயே மாட்டிக்கொண்டவருக்கு அது கிடைக்காது.

சில தளங்கள் திறந்து, சில பாதியில் நின்றால் 'பிங் -எம் டூ -எஸ் 1472 8.8.8.8' அடியுங்கள்; அந்த எம் மட்டும் பெரிய எழுத்து, 'டூ' என்பது டி, ஓ என்ற இரண்டு எழுத்து. இது போகவில்லை, அளவைக் குறைத்தால் போகிறது என்றால் எம்டியூதான். இணைப்பு அமைப்பில் 1492 அல்லது அதற்கும் கீழே வையுங்கள்.

புளூடூத்தோ ஹார்டு டிஸ்க்கோ சேர்ந்தால் மட்டும் கெடுகிறது

புளூடூத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையும் ஒரே அலைவரிசையில் இருப்பவை. பெரும்பாலான கார்டுகளில் ஆன்டெனாவும் பொது. ஹெட்செட்டில் பேசும்போது வைஃபை திணறினால் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுவதே சரியான வழி. யூஎஸ்பி 3.0 கேபிள்களும் இணைப்பு முனைகளும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் கிளப்பும் என்று இன்டெல் 2012 இலேயே ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டிருக்கிறது. எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியருக்கு, பாடக் காணொளிகள் இருந்த வெளி ஹார்டு டிஸ்க்கைச் செருகும்போதெல்லாம் வகுப்பு உறைந்துபோகும். டிஸ்க்கை வலப்பக்க முனைக்கு மாற்றி, கேபிளையும் சற்று நீளமாக்கியதும் நின்றது. லாகில் இதற்கு எந்தத் தடயமும் இருக்காது, சிக்னல் அளவு மட்டும் ஆடும்.

அப்டேட்டுக்குப் பிறகு விழத் தொடங்கியது

பூட் ஆகும்போது கிரப் பட்டியலில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய்ப் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். அதில் நன்றாக இருந்தால் கோளாறு புதிய கெர்னலில். திருத்தம் வரும்வரை பழையதிலேயே இருக்கலாம். பழையதிலும் விழுந்தால் ஃபர்ம்வேரைச் சந்தேகியுங்கள். இன்டெல் கார்டில் 'மைக்ரோகோட் எஸ்டபிள்யூ எரர் டிடெக்டட்' என்ற வரியும் அதன் கீழே நீண்ட எண் பட்டியலும் வந்தால் கார்டுக்குள் ஓடும் மென்பொருளே செயலிழந்து மறுபடி தொடங்கியிருக்கிறது. அந்தப் பட்டியலோடு உங்கள் லினக்ஸின் பிழைத் தளத்தில் புகார் பதியுங்கள். உருவாக்குநர்களுக்கு அந்த எண்கள் தேவை. "வைஃபை போகிறது" என்ற ஒற்றை வரியை வைத்து அவர்களால் எதுவும் செய்ய முடியாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஐடபிள்யூஎல்வைஃபைக்கு '11என்_டிசேபிள்=1' போடச் சொல்லும் அறிவுரை எங்கும் கிடைக்கும். அதைப் போட்டால் கார்டு 802.11என் முதல் மேலே உள்ள எல்லாவற்றையும் கைவிட்டு 54 எம்பிபிஎஸ்சுக்கு இறங்கிவிடும். அறுவது குறையலாம், கூடவே, காசு கொடுத்து வாங்கிய வேகத்தில் பெரும்பங்கு போய்விடும். எப்போதோ போட்ட அந்த வரி மோட்ப்ரோப்.டி அடைவில் இன்னும் கிடக்கிறதா என்று தேடி எடுத்துவிடுங்கள்.

எதற்கும் மசியவில்லை என்றால்

கார்டை மாற்றுவது பலர் நினைப்பதைவிட எளிது, பல லேப்டாப்களில் அடிமூடியைத் திறந்தால் எம்.2 கார்டு ஒற்றைத் திருகில் நிற்கும். இன்டெல் ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 இரண்டும் சாதாரண பிசிஐஇ கார்டுகள், ஏஎம்டி லேப்டாப்பிலும் வேலை செய்யும். ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 என்று 1 இல் முடிபவை சிஎன்விஐ வகை. அதற்கேற்ற இன்டெல் இயந்திரத்தில் மட்டுமே உயிர் பெறும். கடையில் இரண்டும் ஒரே மாதிரி இருப்பதால் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். சில பழைய லேப்டாப்களின் பயோஸ் தனக்குத் தெரிந்த கார்டை மட்டுமே ஏற்கும், அதையும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். கார்டு போர்டோடு பற்றவைக்கப்பட்டிருந்தால், மீடியாடெக் எம்டி7612யூ அல்லது எம்டி7610யூ சில்லு உள்ள யூஎஸ்பி டாங்கிள் வாங்கலாம். இவற்றின் டிரைவர் கெர்னலிலேயே இருப்பதால் ஒவ்வொரு அப்டேட்டுக்கும் கம்பைல் செய்யும் தொல்லை இல்லை.

கார்டை மாற்றும்போது இரண்டு மெல்லிய ஆன்டெனா கம்பிகளையும் நேராக மேலே தூக்கிக் கழற்றி, புதியதில் வைத்து நகத்தால் மெல்ல அழுத்துங்கள். 'கிளிக்' என்று உட்கார வேண்டும். மாற்றிய பிறகு ரவுட்டருக்குப் பக்கத்திலேயே சிக்னல் -70 என்று காட்டினால், டிரைவரைத் தேடுவதற்கு முன் மூடியை மறுபடி திறந்து அந்தக் கம்பிகளைப் பாருங்கள்.